பதினோரு பக்கங்கள்

பதிப்பாசிரியர் என்றதும் தமிழ் வாசகர் மனதில் எழும் உருவம் உ.வே.சாமிநாதையருடையது. ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்துக்கொண்டு, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியவர். அந்த உழைப்பின் பக்கத்தில் வைக்கத்தக்கதல்ல நான் செய்யும் வேலை. ஆனால் ஒரு சங்கடம் எனக்கு உண்டு, ஐயருக்கு இல்லை. ‘அந்த வரியை ஏன் எடுத்தீர்கள்?’ என்று திருத்தக்கதேவர் தொலைபேசியில் கேட்க மாட்டார். நாவலாசிரியர் கேட்பார். கேட்கவும் வேண்டும்.

புனைவைச் செம்மைப்படுத்துவது நம் சூழலில் இன்னமும் பலருக்கு மெய்ப்புப் பார்ப்பதன் மறுபெயர்தான். 1974இல் க்ரியாவைத் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணன், 2020இல் மறையும்வரை அதைப் பதிப்பின் உயிர்நாடியாகக் கருதினார். அவரைப் போன்றவர்கள் அரிது. என்னைப் போன்றவர்கள் வேறு வேலையில் இருந்துகொண்டு, இரவுகளில் பென்சிலும் கையுமாக உட்கார்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு பிரதி வந்தது. கைத்தறி நெசவுக் குடும்பம் ஒன்றின் இரு தலைமுறைக் கதை. 412 பக்கங்கள். எழுதியவருக்கு அது முதல் நாவல்.

முதல் சில வாரங்கள் கணக்கப்பிள்ளை வேலை. தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பரில் பிறந்த பெண், எம்.ஜி.ஆர். முதல்வரான 1977இல் எட்டு வயதுச் சிறுமியாக இருந்தாள். தீபாவளி இரவில் முற்றமெங்கும் நிலா காய்ந்தது. சின்ன அத்தைக்கு மூன்று அத்தியாயங்களில் இரண்டு பெயர்கள். இவற்றைச் சுட்டினால் எந்த எழுத்தாளரும் கோபித்துக்கொள்வதில்லை. நன்றி சொல்லிச் சிரிப்பார்கள். ஒற்றுப்பிழைகளும் அப்படியே.

அடுத்த சிக்கல் சொற்கள். பாவு, ஊடை, நாடா, தறிக்குழி என்று ஒவ்வொரு தொழிற்சொல்லுக்கும் அருகே அடைப்புக்குறிக்குள் விளக்கம் தந்திருந்தார். வாசிக்கும்போது கல்லில் தடுக்கியதுபோல் இருந்தது. விளக்கத்தை எடுத்துவிட்டாலோ, ‘தார் சுற்றினாள்’ என்ற வரி நகரத்து வாசகனைத் தார்ச் சாலைக்கு அழைத்துப் போய்விடும். ஒன்பதாவது அத்தியாயத்தில் ஒரு காட்சி இருந்தது. பள்ளிவிட்டு வந்த சிறுமி பாட்டியின் ராட்டை அருகே அமர்ந்து, ஊடை நூலைச் சிறு குச்சியில் சுற்றி, அது நாடாவுக்குள் போய்ப் படுத்துக்கொள்வதை வேடிக்கை பார்க்கிறாள். அதை முதல் அத்தியாயத்துக்குக் கொண்டுவந்தோம். வாசகனும் அவளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டுவிட, அடைப்புக்குறிகள் தாமாக உதிர்ந்தன. இந்த வேலையில் கிடைக்கும் சம்பளத்தில் பெரும்பகுதி இதுபோன்ற மாலைகள்தாம்.

உண்மையான தகராறு முப்பத்தோராவது அத்தியாயத்தில் வந்தது. கடனுக்குத் தறியை விற்ற அன்று, தாய் பேசத் தொடங்குகிறாள். பதினோரு பக்கங்கள். பிறந்த வீடு, இறந்த குழந்தை, சாயம் ஒட்டிய விரல்கள், யாரோ எப்போதோ திருப்பித் தராத ஒரு படி அரிசி. வெறும் தறிக்குழியை அவள் பெருக்கிக் கோலம் போடும் ஒரே பத்தி போதும் என்று எனக்குத் தோன்றியது. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இட்டு அனுப்பினேன்.

இந்த இடத்தில் கார்வரை நினைக்காமல் இருக்க முடியாது. ரேமண்ட் கார்வரின் 1981ஆம் ஆண்டுச் சிறுகதைத் தொகுப்பை, எடிட்டர் கார்டன் லிஷ் ஏறக்குறையப் பாதியாக வெட்டினார். வெளியீட்டை நிறுத்தும்படி 1980 ஜூலையில் கார்வர் மன்றாடிக் கடிதம் எழுதினார். புத்தகம் வந்தது, பெரும்புகழும் வந்தது. குறைக்கப்பட்ட கதைகளில் ஒன்றை 1983இல் அவரே விரிந்த வடிவில் மீண்டும் வெளியிட்டார். 1988இல் அவர் மறைந்தார். வெட்டப்படாத முழுப் பிரதி அச்சானது 2009இல். லிஷ் கெடுத்தாரா, வளர்த்தாரா என்ற விவாதம் ஓயவில்லை. எனக்கு உறுத்துவது அந்தக் கடிதம்தான். வெட்டியபின் கதை மேம்படலாம். அப்போதும் அது யாருடைய கதை?

நம் எழுத்தாளர் கடிதம் எழுதவில்லை. தொலைபேசினார். “எங்கம்மா அந்த ஒருநாள்தான் சார் பேசினாங்க. அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல. அவ்வளவு நேரம் பேசினாங்க” என்றார். குரலில் சண்டை இல்லை.

அதைக் கேட்டபின் பிரதியை மீண்டும் முதலிலிருந்து வாசித்தேன். அவர் சொன்னது வாழ்க்கையில் உண்மை. நாவலில் உண்மையாகவில்லை. ஏனெனில் நாவலின் தாய் முதல் முப்பது அத்தியாயங்களிலும் பேசிக்கொண்டேதான் இருந்தாள். கீரைக்காரியிடம் பேரம் பேசினாள், நாத்தனாரிடம் குறைப்பட்டாள், மகளுக்குப் புத்தி சொன்னாள். எல்லாம் நன்றாக எழுதப்பட்ட உரையாடல்கள். அவை இருக்கும்வரை அந்தப் பதினோரு பக்கங்கள் இன்னொரு நீண்ட பேச்சு மட்டுமே.

அந்த உரையாடல்களைப் பட்டியலிட்டு அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு வந்த கோப்பில், அத்தனையையும் அவரே எடுத்திருந்தார். என் பட்டியலில் இல்லாத சிலவற்றையும் சேர்த்து. தாய் இப்போது தலையசைத்தாள், முறத்தைத் தட்டினாள், விளக்கைத் தூண்டினாள். முப்பத்தோராவது அத்தியாயத்தில் அவள் வாய் திறந்தபோது, ஏற்கெனவே மூன்று முறை வாசித்திருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பதினோரு பக்கங்களில் ஒரு சொல்லையும் தொடவில்லை.

எடிட்டிங் என்றால் வெட்டுவது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எழுதியவர் எதை விட்டுக்கொடுக்க மறுக்கிறாரோ, அங்கேதான் பெரும்பாலும் நாவலின் உயிர் இருக்கிறது. அந்த மறுப்புக்குக் காரணம் கேட்டு, அதற்கேற்பப் பிற பக்கங்களைச் சீர்செய்வதுதான் எங்கள் வேலை என்று நினைக்கிறேன்.

புத்தகம் வெளியானபின் ஒரு வாசகர் ஆசிரியருக்கு எழுதியிருந்தார். ‘அந்த அம்மா பேச மாட்டாளா என்று ஏங்கிக்கொண்டே படித்தேன்’ என்று. எடுத்துவிட்ட உரையாடல்கள் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. தெரியவும் கூடாது. ஆசிரியர் அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பிவைத்தார், குறிப்பேதும் எழுதாமல்.