பாய்க்கு அடியில் இருந்த துரு

தீபாவளிக்கு முந்தைய வியாழக்கிழமை. அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போகும் வண்டிகள் விடியும் முன்பே சாலையில் வரிசை கட்டியிருந்தன. வடமதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கிளம்பிய பிக்கப் வண்டியில் ஒன்பது ஆடுகள். ஏழு ஆடுகள் வண்டிக்காரருடையவை. மற்ற இரண்டும் பக்கத்து வீட்டு அம்மா பேத்தியின் கல்லூரி பீஸுக்காக வளர்த்த கிடாய்கள்.

வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது பின்னாலிருந்து ஓர் அலறல் கேட்டது. இறங்கிப் பார்த்தால், அந்த அம்மாவின் பெரிய கிடாயின் முன்னங்கால் வண்டித் தரையைப் பொத்துக்கொண்டு கீழே தொங்கிக்கொண்டிருந்தது. மேலே விரித்திருந்த ரப்பர் பாய் கிழிந்திருந்தது. அதற்கு அடியில் இருந்த தகடு, கை வைத்தால் உதிரும் அப்பளமாக மாறியிருந்தது. கால் முறிந்த கிடாயைப் பாதி விலைக்குக் கறிக்கடைக்காரர் கேட்டார். வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியைத் தன் ஆடு விற்ற பணத்திலிருந்து எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டினார்.

"நீ என்னப்பா செய்வ, வண்டிதானே" என்று சொல்லித்தான் அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் அடுத்த சந்தைக்கு வேறு வண்டியில் ஆடு ஏற்றினார். பணம் போனதைவிட இதுதான் வண்டிக்காரரை உறுத்தியது.

அவர் நாலு ஏக்கர்க்காரர். தக்காளி, கத்தரி, கொஞ்சம் முருங்கை. வண்டியை ஆறு வருடத்துக்கு முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கினார். வாங்கிய வாரமே தரைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கனமான ரப்பர் பாயை அளவெடுத்து வெட்டி, ஓரமெல்லாம் ஸ்க்ரூ போட்டு இறுக்கினார். அசையவே அசையாது என்று அன்றைக்குப் பெருமையாக இருந்தது. பிழை அங்கேதான் ஆரம்பித்தது. ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டையும் பெயின்ட்டை உடைத்து இரும்பை வெளியே காட்டியது. மழைத் தண்ணீரும், ஆட்டு மூத்திரமும், நசுங்கிய தக்காளிச் சாறும் அதன் வழியே இறங்கின. தண்ணீர் வடிவதற்காகத் தரையில் விட்டிருந்த துளைகளைப் பாயே மூடிவிட்டது. உள்ளே போன ஈரம் காயவே இல்லை. உர மூட்டை ஏற்றியபோது சிந்தியதும் அங்கேயே தங்கியது. பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு. உப்புக்குச் சொந்தக்காரன். ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை விடாது. மேலிருந்து பார்க்கும்போது பாய் மட்டும் புதுசு போலவே இருந்தது.

எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். இவருக்குச் சித்திரையில் கெடு. மழைக்காலம் முடியும்வரை ஓட்டைமேல் ஒரு பலகையைப் போட்டு ஓட்டினார். மாசியில் வடமதுரை டிங்கர் பட்டறைக்குக் கொண்டுபோனார். தரைத் தகடு முழுவதையும் மாற்றப் பதினெட்டாயிரம் ஆகும் என்றார் பட்டறைக்காரர். பிறகு சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, முன்பக்கம் தகடு நல்லாத்தான் இருக்கு. பின்கதவு ஓரமா ரெண்டு இடம்தான் போயிருக்கு. அதை மட்டும் வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வெச்சுத் தர்றேன். மத்ததை நீங்களே பாத்துக்குவீங்களா?" என்று கேட்டார். பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

வெல்டிங் மட்டும் பட்டறையில். பற்றவைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார்கள். டீசல் டேங்க் பக்கம் பொறி விழாமல் ஈரச் சாக்கால் மறைத்தார்கள். வெல்டிங் சூட்டில் தகட்டின் அடிப்பக்கப் பெயின்ட்டும் எரிந்துபோகும். பலரும் மேலே மட்டும் பூசிவிட்டு அடியை மறந்துவிடுகிறார்கள். துரு அடுத்த வருடம் கீழேயிருந்து மேலே வரும். இதை வண்டிக்காரருக்குச் சொன்னதும் அந்தப் பட்டறைக்காரர்தான்.

பங்குனியில், தக்காளி இரண்டு பறிப்புக்கு நடுவே கிடைத்த பத்து நாளில் வேலையைத் தொடங்கினார். விடுமுறைக்கு வந்திருந்த மகள் கூட இருந்தாள். திண்டுக்கல்லில் நர்ஸிங் படிக்கிறாள்.

பூச்சு பூசுவது ஒரு நாள் வேலை. சுத்தம் செய்ய நாலு நாள் ஆனது. முதலில் பாயை உரித்து, ஸ்க்ரூக்களைப் பிடுங்கினார்கள். சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். மூலை மடிப்புகளில் உறைந்திருந்த சாணமும் உரமும் ஸ்க்ரூடிரைவர் நுனியால்தான் வந்தது. ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவிட்டு, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் துருவை உதிர்த்தார். வெள்ளி போல இரும்பு தெரியும்வரை விடவில்லை. கண்ணாடி போடாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. பிரஷ்ஷிலிருந்து தெறிக்கும் கம்பித் துணுக்கு கண்ணுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். பழைய பெயின்ட் உறுதியாக ஒட்டியிருந்த இடங்களை முழுக்கச் சுரண்டவில்லை. 80-ஆம் நம்பர் உப்புத்தாள் வைத்துப் பளபளப்புப் போகத் தேய்த்தார். வழவழப்பின்மேல் எந்தப் பூச்சும் நிற்காது. ஸ்க்ரூ ஓட்டைகளையும் வெல்டிங்கிலேயே அடைத்திருந்தார்கள்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு கை தண்ணீரைத் தெளிக்க வேண்டும். முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருக்கிறது. ஒரே படலமாக விரிந்தால் சுத்தம். பின்கதவுப் பக்கம் மூன்று தடவை முத்து கட்டியது. எப்போதோ கிரீஸ் டப்பா கவிழ்ந்த இடம். தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, அழுக்கான துணியைத் திருப்பிப் போடாமல் புதுத் துணி எடுத்து மறுபடி துடைத்த பிறகுதான் சரியானது.

அதற்கப்புறம் நடந்ததுதான் பெரிய சறுக்கல். வீட்டில் மீதமிருந்த ரெட் ஆக்சைடைத் தரை முழுக்க அடித்துவிட்டார். கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் காலம் காலமாக அடிக்கிற பிரைமர்தானே என்ற நம்பிக்கை. காய்ந்ததும், வாங்கி வைத்திருந்த பூச்சை ஒரு மூலையில் கையளவு தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அந்த இடம், ஆறிய பாலின் ஏட்டை விரலால் தள்ளினால் எப்படிச் சுருங்குமோ அப்படிச் சுருங்கி எழும்பியது.

மகள் டின்னை எடுத்து, மூடியில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தாள். "அப்பா, இது ரெண்டு டப்பா சேத்துக் கலக்குற பூச்சு. இதுக்கு அடியில எபாக்ஸி பிரைமர்தான் அடிக்கணும்னு போட்டிருக்கு. சாதாரண பிரைமர் தாங்காதாம்."

"வாங்குனப்பவே படிச்சிருக்கலாம்ல தாயி."

"வாங்கிட்டு வந்தது நீங்கப்பா."

ஹார்ட்னர் கலந்து பூசும் பூச்சில் உள்ள கரைப்பான் வீரியமானது. தானாகக் காயும் சாதாரண ரெட் ஆக்சைடை அது இளக்கித் தூக்கிவிடும். முழுத் தரையிலும் பூசிய பிறகு தெரிந்திருந்தால் அத்தனையும் வீண். கையளவோடு போனது நல்லதாயிற்று. இருந்தாலும் ரெட் ஆக்சைடைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள். அதற்குள் தக்காளி பழுத்துவிட, மச்சானின் வண்டியை வாடகைக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று. வேறு பெயின்ட்டின்மேல் எதைப் பூசுவதானாலும் முதலில் ஒரு மூலையில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது செலவில்லாத காரியம்.

டின்னில் மகள் வாசித்த இன்னொரு வரியும் முக்கியம். ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருப்பதாக எழுதியிருந்தது. அது மூச்சுக்குழாயைத் தாக்கி ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு துளி பட்டாலும் இழுப்பு வரும். மருந்து அடிக்கும்போது முகத்தில் கட்டுகிற துண்டோ, தூசிக்குப் போடும் வெள்ளை மாஸ்க்கோ இதைத் தடுக்காது. ரசாயன ஆவியை வடிகட்டும் இரட்டை வடிகட்டி மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி எல்லாம் வேண்டும். ஸ்பிரே அடித்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று சிலர் சொன்னார்கள். ஸ்பிரேயில் மருந்து காற்றில் பறக்கும். அது தனி அறையும் காற்றுக் குழாயும் உள்ள பட்டறைக்கான வேலை. வீட்டில் செய்பவர்களுக்கு ரோலரும் பிரஷ்ஷும்தான். வீசிங் உள்ளவர்கள் பக்கத்திலேயே வரவேண்டாம். மகள் கண்டிப்பாகச் சொன்னதால் வண்டியைக் களத்து மேட்டுக்கு ஓட்டிப்போய், காற்று முதுகுப் பக்கம் வரும்படி நிறுத்தினார். அன்றைக்குப் பீடிக்கட்டு வீட்டிலேயே இருந்தது.

தரை மட்டும் எட்டுக்கு ஐந்து, 40 சதுர அடி. உள்பக்கச் சுவர்களையும் சேர்த்தால் 70-ஐத் தாண்டியது. எபாக்ஸி பிரைமர் அடித்து, மறுநாள் காலை பனி ஈரம் போன பிறகு பூச்சைத் தொடங்கினார். நடு மதியத்தில் செய்யக் கூடாது. தகடு கொதிக்கும்போது பூச்சு ரோலரிலேயே இறுகும், கொப்புளமும் வரும். இரண்டு டப்பாவையும் மொத்தமாகக் கலக்காமல், சொன்ன விகிதத்தை அளவுக் குவளையால் அளந்து, பாதி பாதியாகக் கலந்தார்கள். கலந்தது இறுக ஆரம்பித்தால் தின்னர் ஊற்றினாலும் திரும்பாது. வடிகால் துளைகளில் காகிதத்தைச் சுருட்டிச் செருகி வைத்து, பூச்சு இறுகும் முன் உருவிவிட்டார். மூலைகளுக்கும் மடிப்புகளுக்கும் முதலில் பிரஷ், பிறகு பரப்புக்கு ரோலர். முதல் கை காய்ந்ததும், டின்னில் சொன்ன நேரத்துக்குள் இரண்டாம் கை. அந்த நேரத்தைத் தாண்டவிட்டால் மறுபடி உப்புத்தாள் எடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் கையில் ரப்பர் துகள் கலந்ததால் தரை சொரசொரப்பாக இருக்கிறது. ஆட்டுக் குளம்பு வழுக்குவதில்லை, தக்காளிப் பெட்டி பிரேக் போட்டால் முன்னால் ஓடுவதில்லை. குறையும் உண்டு. மூட்டையை இழுத்துப் பின்னால் கொண்டுவர முடியாது, தூக்கத்தான் வேண்டும். சாண எரு ஏற்றிய பிறகு கழுவ நேரமும் தண்ணீரும் முன்னைவிட அதிகம் பிடிக்கிறது. எரு மட்டுமே ஏற்றுகிறவர்களுக்குத் துகள் இல்லாத பூச்சே தோது.

செலவு, இரண்டு இடத்து வெல்டிங்கும் மாஸ்க்கும் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். சுத்தம் செய்த கூலியைக் கணக்கில் சேர்த்தால் பட்டறைக் கணக்குக்கு அருகில் வந்துவிடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டிப் போட்டால் போதாதா என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. போடலாம். ஆனால் 10 மில்லிமீட்டர் கனமுள்ள பெல்ட், சதுர மீட்டருக்கு 12 கிலோ அளவில் வரும். இந்தத் தரைக்குச் சுமார் 45 கிலோ. மூன்று தக்காளிப் பெட்டி எடையை எல்லா நாளும் சும்மா சுமந்து டீசல் குடிக்கும். அலுமினியத் தகடு அடிப்பதும் வழக்கத்தில் இருக்கிறது. உர உப்பும் ஈரமும் உள்ள இடத்தில் இரும்பும் அலுமினியமும் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் அரித்துப்போகும். எதை விரித்தாலும் கழற்றிக் காயவைக்க முடிய வேண்டும். அவர் இப்போது கல், கம்பி ஏற்றும் நாளில் மட்டும் இரண்டு துண்டாக வெட்டிய பாயைப் போடுகிறார். இறக்கியதும் சுருட்டி வேலியில் காயப்போடுகிறார். ஸ்க்ரூ கிடையாது.

பூசி முடித்து ஒரு வாரம் லோடு ஏற்றவில்லை. சித்திரையில் எஃப்.சி. கிடைத்தது. ஆனி ஆடியில் உரம், ஆவணியில் தக்காளி, புரட்டாசியில் எரு. மழை பிடித்த பிறகு மாதம் ஒரு முறை டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பின்கதவுக் கொக்கி உரசுகிற ஓரிடத்தில் மட்டும் பூச்சு பெயர்ந்திருந்தது. மிச்சம் வைத்திருந்த பிரைமரையும் பூச்சையும் சிறிதளவு கலந்து அன்றைக்கே தொட்டுவிட்டார்.

இந்தத் தீபாவளிச் சந்தைக்கு அந்த வண்டி கிளம்பும்போது பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்றார். கையில் இரண்டு கயிறு, இரண்டு கிடாய். வண்டிக்காரர் ஒன்றும் சொல்லாமல் பின்கதவை இறக்கினார். அந்த அம்மா கயிற்றை அவர் கையில் கொடுக்கவில்லை. பின்கதவைப் பிடித்துத் தானே மேலே ஏறி, போன வருடம் ஓட்டை விழுந்த இடத்தில் நின்று காலை ஊன்றி இரண்டு மிதி மிதித்தார். பிறகு குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"சொரசொரன்னு இருக்கேப்பா."

"வழுக்காம இருக்கத்தான் சித்தி."

"சரி, சின்னதை நடுவுல கட்டு. அது மிரளும்."