கோன் கழற்றுகிற கூலி

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து தக்காளியும் முருங்கைக்காயும் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிகளில் வந்து இறங்குகின்றன. அந்த வண்டிகளை நம்பிப் பின்தெருவில் மெக்கானிக் அண்ணன் ஒருவர் பட்டறை நடத்துகிறார். “கோன் அடிச்சு எடுக்கிறத அவர்கிட்டப் பாக்கணும்” என்று சொல்லி, கமிஷன் கடையில் கணக்கெழுதும் நண்பர் என்னை அங்கே அழைத்துப்போனார்.

1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தபோது அது இரண்டு பேர் போகிற வண்டி. நம் சம்சாரிகள்தான் அதை மூட்டை வண்டி ஆக்கினார்கள். 2015இல் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு எக்ஸ்எல் 100 வந்த பிறகும் சுமை குறையவில்லை. பள்ளத்தில் இறங்கும்போது விழும் அடி ஃபோர்க் வழியாக ஏறி, ஹேண்டில் திரும்பும் கழுத்தில் கப்பு, கோன் என்னும் இரண்டு வளையங்களுக்கு நடுவே இருக்கும் குண்டுகளின் மேல் இறங்கும். சக்கரத்து பேரிங் சுற்றிக்கொண்டே இருப்பதால் அடி பரவிவிடும். கழுத்து பேரிங்குக்கு அந்த வசதி இல்லை. வண்டி பெரும்பாலும் நேராகவே போவதால், ஒவ்வொரு குண்டும் ஒரே இடத்தில் குத்திக் குத்திக் குழி பறித்துவிடும். அதன் பிறகு ஹேண்டில் நடுவில் வந்து ‘டக்’கென்று பிடிக்கும். வண்டியை நேராக ஓட்டவே கை போராட வேண்டும்.

நான் போன அன்று, பாலத்துச் சுவரில் மோதி ஃபோர்க் வளைந்த வண்டியொன்று நின்றது. மாற்றுவதற்குப் பழைய சாமான் கடையிலிருந்து வேறொரு ஃபோர்க் வந்திருந்தது. சக்கரம், விளக்கு, கேபிள் எல்லாவற்றையும் பட்டறைப் பையன் மளமளவென்று கழற்றிப்போட்டான். வந்த ஃபோர்க்கின் தண்டடியில் பழைய கோன் ஏறி இறுகியிருந்தது. அண்ணன் அதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து என் பக்கம் திருப்பினார்.

“நகத்த வச்சு இழுத்துப் பாருங்க சார்.”

வட்டம் முழுக்க நகம் தட்டித் தட்டி நின்றது. “புதுக் குண்டு போட்டாலும் இந்தக் குழியிலதான் போய் உக்காரும். கப்பு, கோன், குண்டு மூணையும் சேத்துத்தான் மாத்தணும்” என்றார்.

தண்டின் விட்டத்தைவிடக் கோனின் துளை மயிரிழை சிறியது. அந்த இறுக்கம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அதைக் கழற்ற அண்ணன் எடுத்தது ஒரே ஒரு உளி. லாரிப் பட்டாவை அடித்து, பழனிப் பக்கத்துக் கொல்லர் ஒருவர் செய்துகொடுத்தது. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சரிவு. தட்டைப் பக்கத்தைத் தண்டின் தோள்மேல் படுக்கவைத்து, கோனின் அடி விளிம்பில் நுனியைக் கொடுத்து ஒரு தட்டு. ஃபோர்க்கைத் திருப்பி எதிர்ப்பக்கம் ஒரு தட்டு. ஒரே பக்கம் அடித்தால் கோன் கோணலாகி இன்னும் இறுகும். முதலில் சத்தம் கெட்டியாக வந்தது. நான்கைந்து சுற்றுக்குப் பின் அது மாறியது; அண்ணன் முகமும் மாறியது. தோளுக்கும் கோனுக்கும் நடுவே நூலளவு வெளிச்சம் தெரிந்தது.

கிரைண்டரில் அறுத்தால் சீக்கிரம் முடியுமே என்றேன். “முடியும். ஆனா தகடு தண்டுல ஒரு கீறு போட்டுச்சுன்னா, அந்த இடத்துலதான் பாரம் பூரா இருக்கு. இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. ஒருநாள் மூட்டையோட போறப்ப அங்கதான் விரிசல் விடும். வண்டிக்காரரு என்ன ஆவாரு?”

அண்ணன் பதினான்கு வயதில் பள்ளியை விட்டு இந்த வேலைக்கு வந்தவர். அப்பா சந்தையில் மூட்டை தூக்கியவர். குருவாக இருந்தவர் முதல் வருடம் முழுக்கக் கழுவவும் துடைக்கவும் மட்டுமே விட்டாராம். உளியைக் கையில் கொடுத்த அன்று, “தண்டுல காயம் பட்டா உன் கூலியில பிடிப்பேன்” என்றாராம். அந்தப் பயம் இன்றைக்கும் கையில் இருக்கிறது என்கிறார்.

புதுக் கோனை ஏற்றும் முன் அதன் ஓரத்தில் அரத்தை வைத்து இழுத்தார். அரம் வழுக்கியது. நன்றாகக் கடினமேற்றிய இரும்பில் அரம் பிடிக்காது. அசல் போலவே பெட்டி போட்டு வரும் போலிகளில் அரம் மாவாக உதிர்க்கும். அதை விற்றவருக்கு லாபம் அன்றே கைக்கு வந்துவிடுகிறது. சில மாதத்தில் ஹேண்டில் பிடித்தால் திட்டு மட்டும் மெக்கானிக்குக்கு. வண்டியின் சொந்தக்காரர் நிலையும் இதேதான். தக்காளியை விளைவித்தவர் அவர், விலை சொல்வது இன்னொருவர். கமிஷன் போக, சுமைக்கூலி போக மிஞ்சியதைக் கொண்டுவந்து பட்டறையில் பேரம் பேசுகிறார். உழைக்கிற இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்திவிட்டு, நடுவில் இருப்பவர்கள் நோகாமல் சம்பாதிக்கிறார்கள். இது அநியாயம். சந்தைக்குச் சந்தை நடப்பதால் இது நியாயமாகிவிடாது.

“ரெண்டு தட்டு தட்டுனதுக்கா இவ்வளவு, மாப்ளே?” என்று வண்டிக்காரர் கேட்டார். “தண்டு முழுசா இருக்கு மாமா, அதுக்குத்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு, குழாயை வைத்து உள்விளிம்பில் மட்டும் படும்படி புதுக் கோனை இறக்க ஆரம்பித்தார்.

உங்கள் வண்டிக்குக் கோன் செட் மாற்றினால், பழைய கோனைக் கேட்டு வாங்கி நகத்தால் தடவிப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்டில் இரண்டு பக்கமும் தானாகச் சாய வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால், கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.