முறியாமல் கழற்றும் கை

குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டால் அருவிக்கரையில் ரம்புட்டான் விற்பவர்களுக்கு மட்டுமல்ல, தென்காசி வட்டாரத்து டீசல் மெக்கானிக்குகளுக்கும் சீசன்தான். மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வரும் பழைய வேன்கள் ராத்திரி முழுக்க ஈரக்காற்றில் நிற்கும். விடிந்ததும் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மட்டும் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. இதை எனக்குச் சொன்னவர், பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிப் புளியரை வழியாகப் புனலூருக்கு ஓட்டும் நண்பர். "ஹீட்டர் பிளக் கழட்டுறதுக்குன்னே ஒருத்தர் இலஞ்சிப் பக்கம் இருக்கார். வந்து பாத்துட்டு எழுதுங்க" என்றார். போன அன்று அவருடைய வண்டியே அங்கே பழுதுக்கு நின்றது.

தகரக் கொட்டகை, பெயர்ப்பலகை கிடையாது. வேலை செய்பவரை எல்லாரும் அண்ணாச்சி என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நண்பரின் வண்டி பஜாஜ் டெம்போ காலத்தது. 2005இல் அந்தக் கம்பெனி ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வண்டி அதற்கும் மூத்தது. உள்ளே இருப்பது ஓஎம் 616 என்னும் பென்ஸ் இன்ஜின். நாலு சிலிண்டர், 2.4 லிட்டர். ஜெர்மனியில் டாக்ஸியாக ஓடித் தேய்ந்த பென்ஸ் 240டி காரில் இருந்ததும் இதே இன்ஜின்தான். அந்த ஊர்ப் பனிக்கு ஹீட்டர் வேண்டும், சரி. வெயில் காயும் தென்காசியில் எதற்கு?

அண்ணாச்சியிடம் இதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை இருபதில் ஒரு பங்குக்கும் கீழாக அமுக்கினால் அது கொதித்துப்போகும், அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆனால் இந்த ரக இன்ஜினில் டீசல் நேராக பிஸ்டன் தலையில் விழுவதில்லை. ஹெட்டுக்குள் குண்டாக ஒரு சின்ன அறை இருக்கிறது, முதலில் அங்கேதான் பற்ற வேண்டும். குளிர்ந்து கிடக்கும் அந்த அறையின் இரும்புச் சுவர், அமுக்கிய காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால்தான் சித்திரை மாதத்திலும் காலையில் பிளக் வேண்டியிருக்கிறது. பிளக்கின் முனை சில விநாடிகளில் எண்ணூறு டிகிரியைத் தாண்டிப் பழுத்து நிற்கும். டீசல் அதில் பட்டதும் பிடித்துக்கொள்ளும். டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பழைய பெரிய லாரிகளில் இந்த அறையும் இல்லை, பிளக்கும் இல்லை. "அதான் லாரி மெக்கானிக் இதுல கை வச்சா முறிச்சுப்புடுதான்" என்றார்.

சொல்லிக்கொண்டே டெஸ்ட் லாம்பை எடுத்தார். பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்று, இரண்டு வயர், அவ்வளவுதான். நாலு பிளக்கையும் இணைக்கும் வயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, லாம்பின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸில் கவ்வவிட்டு, மறுமுனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட்டார். இரண்டில் பல்பு எரிந்தது, இரண்டில் எரியவில்லை. எரியாதது செத்த பிளக். "ரெண்டு செத்தா மிச்ச ரெண்டும் இந்தா அந்தான்னு நிக்கும். நாலையும் மாத்துறதுதான் மரியாதை."

இவர் தொழில் பழகிய காலத்து வண்டிகளில் பிளக்குகள் கம்பிச் சுருளாக இருக்குமாம், நாலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்குமாம். திருவிழா சீரியல் பல்பைப் போல ஒன்று போனால் எல்லாம் போகும். ஸ்குரூடிரைவரால் ஒவ்வொன்றாகக் குறுக்கே தொட்டு எது செத்தது என்று பிடிப்பார்களாம்.

ரிலே, வயரிங் பக்கத்தில் பையன் ஒருவன் ஏதோ செய்தான். அதை நான் கவனிக்கவில்லை. என் கண் முழுக்க அண்ணாச்சி கையிலிருந்த ஸ்பேனர் மேலேயே இருந்தது. பன்னிரண்டாம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர். டீசல் பைப்புகளுக்கு அடியில் நுழைய வேண்டும் என்பதற்காக அதன் வெளிச்சுவரைக் கல்லில் பிடித்து மெலிசாக்கி, மேலே ஒரு குறுக்குக் கம்பியைப் பற்றவைத்திருந்தார். கம்பி உள்ளங்கை அகலம்தான். நீளமாக வைத்தால் சுலபமாகச் சுற்றலாமே என்றேன்.

"கைப்பிடி நீளமா இருந்தா திமிரு வந்துரும்லா. இதுல மணிக்கட்டு பலத்துக்கு மேல போட முடியாது. பிளக் இளகுதா முறுக்குதான்னு விரலுக்குத் தெரியும்."

செத்த பிளக்கின் முனை சில சமயம் உப்பிப்போய் ஓட்டை வழியாக வெளியே வராது. சுற்றிலும் கரி வேறு இறுகியிருக்கும். பலமாகத் திருகினால் முனை முறிந்து உள்ளே விழும். அப்புறம் பெரும்பாலும் ஹெட்டை இறக்க வேண்டியதுதான். ஹெட் இறக்கினால் கேஸ்கெட், கூலி, வண்டி நிற்கும் நாட்களின் வருமானம் எல்லாம் போகும். அதனால் வண்டி சூடாக இருக்கும்போதுதான் தொடுகிறார். நண்பர் எப்போதும் இறக்கத்தில்தான் நிறுத்துவார், அன்றும் தள்ளி ஸ்டார்ட் செய்துதான் கொண்டுவந்திருந்தார். பிளக்கின் அடியில் எண்ணெய் விட்டு ஊறவைத்துவிட்டு, கால் சுற்று இடப்பக்கம், அரைக்கால் சுற்று வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். மூன்றாவது பிளக் கிறீச்சென்றது. உடனே கையை எடுத்துவிட்டார். எண்ணெய் விட்டு டீ வாங்கிவரச் சொன்னார். டீ குடித்து முடித்த பிறகுதான் மறுபடி தொட்டார். வந்துவிட்டது.

புதுப் பிளக்கைப் பூட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் பேட்டரியில் வைத்துக் காட்டினார். முனை முதலில் சிவக்க வேண்டும், பிறகு சிவப்பு மேலே ஏற வேண்டும். ஒன்று நடுவில் சிவந்தது. அதைத் தூக்கி ஓரமாகப் போட்டார்.

அந்த ஒன்றைப் பற்றித்தான் எனக்குக் கோபம். பெட்டி அச்சு அசலாக நல்ல கம்பெனிப் பெட்டி, உள்ளே போலி. விலை பாதி, ஆயுள் ஒரு சீசன்கூட வராது. எங்கோ பெருநகரத்தில் கட்டும் பெட்டி, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை, "எங்க கடையிலயே வாங்குங்க" என்று டிரைவருக்குக் கமிஷன் கொடுக்கும் தரகர் என்று கைமாறி வருகிறது. வழியில் எல்லாருக்கும் லாபம். உப்பிய முனை ஹெட்டில் மாட்டிக்கொண்டால் பழி மட்டும் மெக்கானிக்குக்கு. உதிரிபாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 18 ஆனது. கடையில் விலை இறங்கியதாகத் தெரியவில்லை என்கிறார் நண்பர். பாகத்தின் விலையைப் பேரம் பேசாமல் கொடுக்கிற நாம்தான், கூலி என்றதும் "ஒரு பிளக்கைக் கழட்டி மாட்ட இவ்வளவா?" என்று கேட்கிறோம். முறியாமல் கழற்றியதற்கு எந்த பில்லிலும் வரி கிடையாது. முறிந்திருந்தால் மட்டும் தண்டம் உண்டு.

அண்ணாச்சிக்குக் கடையம் பக்கம். அம்மா பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். பதின்மூன்று வயதில் மதுரையில் ஒரு பட்டறைக்கு எடுபிடியாகப் போனார். சில வருஷம் மண்ணெண்ணெயில் பாகம் கழுவியதுதான் வேலை. முதலாளி செட்டிங் பார்க்கும்போது பையன்களை வெளியே அனுப்பிவிடுவாராம். கழுவக் கொடுத்த பாகங்களின் தேய்மானத்தைப் பார்த்தே எது எங்கே உரசுகிறது என்று கற்றுக்கொண்டாராம். பிறகு கொட்டாரக்கரையில் சில காலம், கல்யாணம், இந்தக் கொட்டகை. மகன் திருநெல்வேலியில் ஷோரூம் சர்வீஸில் பிஎஸ் 6 வண்டிகளுக்கு ஸ்கேனர் மாட்டுகிறான். "அவன் வேலை வேற. அதையும் ஒருத்தன் படிச்சுத்தானே செய்யுதான்" என்கிறார். வன்மம் இல்லை.

இவரைப் போன்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு நல வாரியம் இருக்கிறது: அமைப்புசாரா ஓட்டுநர்கள் மற்றும் தானியங்கி மோட்டார் வாகனங்கள் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள் நல வாரியம். விபத்து உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, அறுபதுக்குப் பிறகு மாத ஓய்வூதியம் எல்லாம் உண்டு. அண்ணாச்சி அதன் பெயரையே நான் சொல்லித்தான் முதலில் கேள்விப்பட்டார். உங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் அடுத்த முறை போகும்போது, பதிந்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பதினெட்டு வயதிலிருந்து அறுபது வரைதான் பதிவு செய்ய முடியும். அண்ணாச்சிக்கு இப்போது ஐம்பத்தெட்டு.