ஊசி வரைந்த கோலம்

பெங்களூரு ஆடை வடிவமைப்பாளர் அன்ஷு அரோராவின் துணிகள் எனக்குப் பிடிக்கும். சிட்டிலிங்கியின் லம்பாடிப் பெண்களோடு சேர்ந்து அவர் வேலை செய்திருக்கிறார் என்று தெரிந்த நாளிலிருந்து, அந்தக் கைகளைப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. பாப்பிரெட்டிப்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்காக வந்தபோது வசதியாகப் போயிற்று. வாணியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்களை விட்டு, அரூரில் பஸ் மாறி, கோட்டப்பட்டி வழியாகப் போனால் கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு.

1993இல் டாக்டர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கிய ஊர் இது. லம்பாடிக் குடியிருப்பான தாண்டாவில் மூதாட்டிகள் பெட்டியில் வைத்திருந்த பழைய பூத்தையல் துணிகள் லலிதாவின் கண்ணில் பட்டன. இளையவர்களுக்கு அந்தத் தையல் தெரியாது. மழை பொய்த்தால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதுதான் அவர்களுக்குத் தெரிந்த வழி. வேலை மறக்காமல் இருந்த ஓரிரு மூதாட்டிகளே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 2006இல் ‘பொர்கை’ கைவினைஞர் சங்கம் பிறந்தது.

நான் போனபோது திண்ணையில் ஏழெட்டுப் பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள். குர்த்தாவின் கழுத்துப்பட்டையில் சாக்குக்கட்டியால் இரண்டு கோடு மட்டும் போட்டிருந்தது. பூவோ கட்டமோ எதுவும் வரையவில்லை. துணியின் இழையை எண்ணி ஊசி ஏற்றுகிறார்கள். மூன்று இழை விட்டு ஒன்று, மறுபடி மூன்று. ஓர் இழை தப்பினால் அடுத்த முக்கோணம் சாய்ந்துவிடும், அதற்கடுத்தது இன்னும் சாயும். பிரித்துத் தைப்பதைத் தவிர வழியில்லை. மூத்தவர் ஒருவர் பக்கத்துப் பெண்ணின் துணியை வாங்கி, முன்பக்கத்தைப் பார்க்காமலே பின்பக்கத்தைத் திருப்பினார். முடிச்சு தெரிந்தது. பேசாமல் திருப்பிக் கொடுத்தார். ஆடைக்கல்லூரித் தேர்வில்கூட இவ்வளவு கறாரான மதிப்பெண் கிடையாது.

பழைய பாவாடைகளில் கண்ணாடியும் சோழியும் காசும் குலுங்கும். தூரத்தில் வரும்போதே ஆள் தெரியும். இன்று அவுரி நீலம், மஞ்சிட்டிச் சிவப்பு என்று நிறம் அடங்கிவிட்டது, கண்ணாடியும் குறைந்துவிட்டது. நகரத்துக்காரர்களின் ருசி அது. இதைச் சிலர் இழப்பு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெட்டிக்குள் பூச்சி அரிப்பதைவிட, நிறம் மாறியாவது விரலில் ஓடுவது மேல். உறுத்தியது வேறொன்று: தைக்கிறவர்கள் எல்லாம் நைலக்ஸ் சேலையில் இருந்தார்கள். இவர்கள் பூத்தையல் போட்ட குர்த்தாவை இவர்களே வாங்கி உடுத்த முடியாது.

கட்டத்துக்குள் என்ன நிறம் என்று யார் முடிவு செய்வது என்று மூத்தவரிடம் கேட்டேன்.

“அளவு அவங்க சொல்வாங்க கண்ணு. மத்தது கை சொல்லும்.”

அப்படியென்றால் வடிவமைப்பாளர் இவரும்தானே? துணியின் சீட்டில் அவரவர் பெயரைப் போட்டால் என்ன என்று உற்சாகமாகச் சொல்லிவைத்தேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்.

“பேரு கெடக்கட்டும். பொழுது சாஞ்சா இழை தெரியாது. நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க.”