தந்தையின் ஒரே நூல்

தோல் பதனிடும் ஆலையில் பணி செய்த என் தந்தையிடம் திரு.வி.க.வின் நூல் ஒன்றே இருந்தது. அது 'பெண்ணின் பெருமை'. அட்டையும் முதற் சில பக்கங்களும் இல்லாத படி. 1986-இல் குருமடம் புறப்படுமுன், என் பழைய பாடப்புத்தகங்களோடு அதனையும் திண்டுக்கல்லில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். சில நாட்கள் தந்தை வீடெங்கும் தேடினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த மௌனமே பிற்பாடு என்னை நூல் தேட வைத்தது. பங்குப்பணியில் கிடைக்கும் சிறு தொகையில் புது நூல்கள் வாங்க இயலுமா? மதுரைக்குச் செல்லும்போதெல்லாம் பழைய நூற்கடைகளில் அமர்ந்துவிடுவேன். அட்டை கிழிந்திருந்தால் விலை பாதியாகக் குறையும், அதனைப் பொருட்படுத்தலாகாது. ஆனால் பக்க எண்களை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தே வாங்கவேண்டும். நடுவே பதினாறு பக்கங்கள் சேர்ந்தாற்போல் காணாமற் போயிருக்கும். 1944-இல் வெளிவந்த 'வாழ்க்கைக் குறிப்புக்கள்' நூலின் பிற்பகுதிதான் எனக்கு முதலில் கிடைத்தது. முற்பகுதி வர நான்காண்டுகள் ஆயின. ஒரு பெருமனிதரின் முதுமையை முன்னும் இளமையைப் பின்னும் படித்தவன் நான்! கிழிந்தவற்றை ஊர் பைண்டரிடம் கொடுத்துத் துணி முதுகு ஒட்டி, பழைய நாட்காட்டித் தாளால் உறையிட்டேன்.

'தேசபக்தன்', 'நவசக்தி' ஆகிய இதழ்களை நடத்தியவர் அவர். அன்றாட அவசரத்தில் எழுதியவை 'தமிழ்ச்சோலை'யில் திரண்டிருக்கின்றன. அவசரத்தின் சுவடு எங்கும் இல்லை. சிறு சிறு வாக்கியங்கள். பேசுவதுபோல் வினவுவார், தாமே விடை பகர்வார். மறையுரைக்குக் குருமடத்தில் கற்றதைவிட அவரிடம் நான் கற்றது மிகுதி. சைவராகிய அவர் 'கிறிஸ்துவின் அருள் வேட்டல்' என்றொரு நூலும் செய்தார். அது செய்யுள், கட்டுரை வரிசையில் அதற்கு இடமில்லை. ஆயினும் அங்கேயே வைத்திருக்கிறேன்.

கண்ணொளி மங்கிய முதுமையிலும் பிறர் எழுதச் சொல்லிச் சொல்லியே நூல் செய்தவர், 1953 செப்டம்பர் 17 அன்று மறைந்தார். அவர் எழுத்துகள் இன்று பொதுவுடைமையாகிவிட்டன. இன்று நூலகம் அமைக்க விரும்பும் குடும்பத்தினர் என்னைப்போல் அலையவேண்டுவதில்லை. தமிழ் மின்னூலகத்தில் அவருடைய பழம் பதிப்புகளைக் காசின்றிப் படிக்கலாம். எது மீண்டும் மீண்டும் கையிலெடுக்கத் தூண்டுகிறதோ அதனை மட்டும் புத்தகத் திருவிழாவில் கழிவு விலையில் வாங்கலாம். மாதம் ஒன்று போதும். முழுத்தொகுதியை ஒருசேர வாங்கி அலமாரியில் பூட்டி வைப்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

'பெண்ணின் பெருமை' மட்டும் நெடுங்காலம் அகப்படவில்லை. தந்தை 1998-இல் இறைவனடி சேர்ந்தார். நல்ல படியொன்று என் கைக்கு வந்தது 2001-இல். அட்டையோடு, முதற் பக்கங்களோடு.

சென்ற ஆண்டு, பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகள் அதனை இரவல் பெற்றுச் சென்றாள். மாதங்கள் ஏழு ஆகின்றன. ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் என்னைக் காணும்போதெல்லாம், "அப்பா இன்னும் படிக்கிறாங்க, ஃபாதர்" என்கிறாள். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை.