எட்டாம் அவென்யூ ஸ்டுடியோவுக்கு ஒரு நன்றி மடல்

அன்புக்குரிய ஜோசப் பிலாட்டீஸ் ஐயாவுக்கும் கிளாரா அம்மாவுக்கும்,

பாலே கற்றுத்தருவது என் தொழில். என் மாணவிகளின் அடிமுதுகு நலமாக இருக்கிறதென்றால் அதில் உங்கள் இருவருக்கும் பெரும் பங்குண்டு. அந்தக் கடனைச் சொல்லத்தான் இந்த மடல்.

பாலே பார்ப்பவர்களின் கண் காலில்தான் இருக்கும். அரபெஸ்க்கில் ஒரு கால் பின்னால் இடுப்புயரத்துக்கு எழும்போது அரங்கமே அதைத்தான் பார்க்கும். ஆனால் இடுப்பு மூட்டு அவ்வளவு தூரம் பின்னால் போகாது. மீதி வளைவை முதுகெலும்புதான் தந்தாக வேண்டும். வயிற்றின் ஆழத்துத் தசைகள் முன்னாலிருந்து தாங்காவிட்டால் பாரம் முழுவதும் அடிமுதுகின் ஓரிரு எலும்புகளில் விழும். வளரும் வயதில் ஆண்டுக்கணக்கில் இப்படி ஆடினால் அங்கே எலும்பில் கீறலும் விழலாம். கால்களை வெளிப்புறம் திருப்பி நிற்கும்போதும் இதே தொல்லைதான். மூட்டு தராத கோணத்தை அடிமுதுகைக் குழித்து எட்டிப்பிடிக்கப் பார்க்கும் பிள்ளைகளுக்கு முழங்கால் முறுக்கிக்கொள்கிறது.

ஐயா, இதற்குத் தீர்வை நான் கண்டது உங்கள் பயிற்சி முறையில்தான். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் என்பதற்காக மான் தீவு முகாமில் அடைபட்டிருந்தவர் நீங்கள். 1926இல் நியூயார்க் வந்து, எட்டாம் அவென்யூவில் 939ஆம் எண் கட்டடத்தில் ஸ்டுடியோ வைத்தீர்கள். நடன அமைப்பாளர்களான பாலன்சினும் மார்த்தா கிரஹாமும் தங்கள் ஆட்டக்காரர்களை உங்களிடம் அனுப்பினார்கள். கணுக்கால் காயத்தோடு பாலன்சின் அனுப்பிவைத்த ரொமானா கிரிசனோவ்ஸ்கா, பின்னாளில் உங்கள் முறையையே வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டார்.

கணுக்கால் வலியோடு வருபவருக்கு உங்கள் ரிஃபார்மர் கருவி என்ன செய்கிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். மாணவி மல்லாந்து படுக்கிறாள். குதிகால்கள் ஒட்டியிருக்க, விரல்கள் விரிந்திருக்க, பாதத்தின் முன்பகுதி கம்பியில் பதிகிறது. காலை நீட்டினால் படுத்திருக்கும் பலகை ஸ்பிரிங்குகளை இழுத்துக்கொண்டு நகர்கிறது. மடக்கினால் திரும்பி வருகிறது. முழங்காலை மடக்கி நீட்டும் பிளியேதான் இது, ஆனால் உடல் எடை கணுக்காலில் ஏறுவதில்லை. எவ்வளவு பாரம் என்பதை ஸ்பிரிங்கைக் கூட்டியும் குறைத்தும் நாமே முடிவு செய்யலாம். பலகை திரும்பும்போதுதான் உண்மையான வேலை. ஸ்பிரிங்கின் போக்குக்கு விட்டுவிட்டால் ‘டக்’கென்று மோதும். ஓசையில்லாமல் கொண்டுவந்து சேர்க்க அடிவயிறு விழிப்போடு இருக்க வேண்டும். அந்த ‘டக்’ கேட்டால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை; மூச்சை வெளியே விட்டு அவளே மறுபடி தொடங்குவாள்.

1996இல் ஆஸ்திரேலியாவின் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்சனும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கை அசைவதற்கு முன்பே வயிற்றின் ஆழத்தில் குறுக்காக ஓடும் தசை இயங்கத் தொடங்குகிறது. அடிமுதுகு வலி உள்ளவர்களிடம் அது தாமதமாகிறது என்று அளந்து காட்டினார்கள். அதைப் படித்தபோது, கையையும் காலையும் அசைக்குமுன் உடலின் நடுவிலிருந்து தொடங்கச் சொன்ன உங்களை நினைத்துக்கொண்டேன்.

ஒன்றில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. முதுகெலும்பு நேராக இருக்க வேண்டும் என்று 1934இல் வந்த உங்கள் புத்தகம் சொல்கிறது. நான் முதுகின் இயல்பான வளைவோடுதான் பயிற்றுவிக்கிறேன். துள்ளி இறங்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள அந்த வளைவு வேண்டும். நாள் முழுக்க வயிற்றை எக்கிப் பிடிக்கவும் சொல்வதில்லை, மூச்சு தடைபடும். ஐந்து எண்ணி இழுத்து, ஐந்து எண்ணி விட்டு, பத்து சுற்றில் ‘ஹண்ட்ரட்’ முடிக்கும் பயிற்சியைத் தந்த நீங்கள் இதை ஏற்பீர்கள் என்றே நம்புகிறேன்.

கிளாரா அம்மா, உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி. வலியோடு வந்தவரின் உடலுக்கேற்பப் பயிற்சியைப் பொறுமையாக மாற்றிக்கொடுத்தது நீங்கள்தான் என்று உங்களிடம் கற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1967இல் ஜோசப் ஐயா மறைந்த பிறகும் ஸ்டுடியோவை நடத்தினீர்கள். ஐயாவின் அந்தப் புத்தகத்தின் அட்டையில் உங்கள் பெயர் இல்லை. என் வகுப்பில் புதிதாகச் சேருபவர்களுக்கு இந்த முறையை அறிமுகப்படுத்தும்போது நான் இரண்டு பெயர்களையும் சொல்கிறேன்.


ஒரு பாலே ஆசிரியை