ஓடு துறந்த உயிர்

சங்குக்கு நம் மொழியிலே பெயர்கள் உள்ளன; அதன் சுழியை நோக்கி வலம்புரி, இடம்புரி என வேறுபடுத்துகின்றோம். மன்னார்க் கரையிலுள்ள எங்கள் ஊரில் கடலட்டைக்கும் இனத்துக்கொரு பெயரும், பெயருக்கேற்ற விலையும் உண்டு. ஆனால், சங்கின் உறவினமாகிய ஓடற்ற கடல்நத்தை ஒன்றின் பெயரை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் வினவியபோது, "அது ஒண்டுக்கும் உதவாது, தம்பி" என்றே விடை வந்தது. கேட்டது பெயர், கிடைத்தது விலை.

அதனை இன்னதென்று இனங்காணக் கற்றுத் தந்தவர் விஞ்ஞான பீட நண்பரொருவர். ஏறக்குறைய ஐந்து சென்ரிமீற்றர் நீளமான வெண்ணிற உடல். அதன்மேற் கரிய வளையங்கள். கைவில்லையால் நோக்கினால், அவ்வளையங்கள் தீட்டிய கோடுகளல்ல, மேனியெங்கும் நெருங்கி நிற்கும் நுண்முளைகளிற் கருமையுற்றவற்றின் கூட்டமே என்பது புலனாகும். தலையிலே நீரின் மணமறியும் இரு கொம்புகள். முதுகின் பின்புறத்தே பூப்போல விரிந்து, தீண்டியதும் உள்ளொடுங்கும் செவுள்கள். இவை யாவும் பொருந்தின் அது ஜொருனா பூனெபிரிஸ் ஆகும்.

'பூனெபிரிஸ்' என்னும் இலத்தீன் சொல் ஈமச் சடங்குக்குரியது எனப் பொருள்படும். 1859 இல் அப்பெயரை இட்டவர் இலங்கையிற் பிறந்த மருத்துவரான எட்வேட் பிரெடரிக் கெலாட். அக்காலத்தில் அரசாங்கம் அவரிடம் வேண்டிநின்றது முத்துச்சிப்பி பற்றிய ஆராய்ச்சியையே. அவரோ முத்தை ஈனாத இவ்வுயிர்களையும் வரைந்து விவரித்தார். மறுவருடமே இங்கிலாந்து செல்லும் வழியிற் கப்பலில் மறைந்தார்.

சங்கு தன் ஓட்டுக்குள் ஒளிக்கும். ஓட்டைத் துறந்த இந்நத்தைக்கு உணவே அரண். பிற உயிர்கள் பல விரும்பாத கடற்பஞ்சை இது அரித்துண்கின்றது. தாய்லாந்துக் கடலில் நீலக் கடற்பஞ்சொன்றை உண்பது அறியப்பட்டுள்ளது. அப்பஞ்சின் நச்சுப் பொருள்களைத் தன் உடலிற் சேர்த்துத் தனக்குக் காவலாக்கிக்கொள்கின்றது. 2000 ஆம் ஆண்டில் இதன் மேனியிலும் சளியிலுமிருந்து ஜோருமைசின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. ஆய்வுகூடச் சோதனைகளில் அது புற்றுநோய்க் கலங்களை எதிர்த்தது. கெலாட் பெயரிட்டு 141 ஆண்டுகளின் பின்னரே 'உதவாத' உயிரின் உதவி உலகுக்குத் தெரிந்தது. முன்னரே அதனை இனங்கண்டு பெயரிட்டிராவிடின், எதில் எது இருந்ததென்று எவர் சொல்லியிருப்பர்?

கலைப்பீட மாணவனுக்கு நத்தை எதற்கு எனச் சிலர் நகைக்கக்கூடும். கெலாட்டின் சித்திரங்கள் இங்கிலாந்தின் நியூகாசில் நூதனசாலையைச் சேர்ந்தன. அவற்றை ஆராய்ந்து 1906 இல் கட்டுரை வெளியிட்டவர் சேர் சாள்ஸ் எலியட். இந்து, பௌத்த சமயங்கள் பற்றி 1921 இல் பெருநூல் யாத்தவரும் அவரே. ஒருவர் உள்ளத்தில் இரண்டுக்கும் இடமிருந்தது.

வலையை நம்பி வாழ்வோர் விலையை நோக்குவது இயல்பு. இலவசக் கல்வியின் நிழலில் அமர்ந்திருக்கும் எமக்கு அந்நியாயம் பொருந்தாது. நம் கரையோர மக்கள் வழங்கும் கடலுயிர்ப் பெயர்களைத் தொகுப்பதும், பெயரற்றவற்றுக்கு நல்ல தமிழ்ப் பெயர் தேடுவதும் சொல்லைக் கற்கும் எங்கள் பணியேயாகும். இந்நத்தைக்குக் 'கருவளையன்' என்னும் பெயரை என் குறிப்பேட்டில் எழுதியுள்ளேன். இதனினும் சிறந்த பெயரை அறிந்தோர் தந்துதவுவாராக.